இறந்த தொழில்நுட்பத்துக்கு எதற்குச் சொற்கள்?

சென்ற வாரக் கருத்தரங்கில், காந்த மென்படல நினைவகம் தொடர்பான தமிழ்க் கலைச்சொற்களைப் பற்றிப் பேசினேன். மூத்த பேராசிரியர் ஒருவர், “1960களிலேயே இறந்த தொழில்நுட்பம், அதற்கு எதற்கம்மா சொற்கள்?” என்றார். அவை சிரித்தது. தமிழை இறந்த மொழி என்று எவரேனும் சொன்னால் மறுநாளே கண்டனக் கட்டுரை எழுதக்கூடிய அவைதான் அது.

இறந்ததாகச் சொல்லப்படும் பொருள் இதுதான். ஏறத்தாழ 80 விழுக்காடு நிக்கலும் 20 விழுக்காடு இரும்பும் கலந்த பெர்மலாயை வெற்றிடத்தில் ஆவியாக்கி, காந்தப்புலத்தின் நடுவே கண்ணாடித் தகட்டின்மேல் படியவிடுவர். அப்புலத்தின் திசை படலத்தில் நிலைத்துவிடும். பின்னர் அந்த அச்சின் வழியே காந்தமாவதுதான் அதற்கு எளிது. அச்சின் ஒரு முனையை நோக்கினால் 0, எதிர்முனையை நோக்கினால் 1. மின்சாரம் நின்றாலும் நிலை மாறாது. 1962இல் வந்த யூனிவாக் 1107 கணிப்பொறி இத்தகைய படலங்களில் 128 சொற்களை வைத்திருந்தது. அங்கே ஒரு ‘சொல்’ என்பது 36 பிட். மொழியியலாளருக்குப் பொறாமை தரும் வரையறை.

பிறகு குறைகடத்திச் சில்லுகள் மலிந்து அதை ஓரங்கட்டின. ஆயினும் 2006இல் ஃப்ரீஸ்கேல் நிறுவனம் 4 மெகாபிட் எம்ரேம் சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதே மென்படலமும் அதே அச்சும் திரும்பி வந்தன. படிக்கும் முறைதான் புதிது. இரு படலங்களின் காந்தத் திசை ஒத்தால் மின்தடை குறைவு, எதிர்த்தால் மிகுதி.

நான் குடியிருக்கும் கரோல் பாகிலிருந்து பூசா பக்கம் சென்றால் தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், அச்சாலைக்கும் அவர் பெயரே. படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்பதை டாக்காவில் இருந்தபோதே நுட்பமாக அளக்கத் தொடங்கியவர். பெர்மலாய்ப் படலம் அவருடைய கண்டுபிடிப்பன்று. ‘கணினி நினைவகத்தின் தந்தை தமிழர்’ என்று பகிரத் துடிப்போர் இப்பதிவை விட்டுவிடுக. ஆனால் ‘இதனால் உடனடிப் பயன் யாது?’ என்று இன்றைய நிதிநல்கைப் படிவம் கேட்கும் கட்டத்தில் 1930இன் கிருஷ்ணன் எதை எழுதியிருப்பார்?

எம்ரேம் பற்றித் தமிழில் எழுத வரும் மாணவர் அந்த அச்சை எப்படி அழைப்பார்? ஒருவர் ‘எளிய அச்சு’ என்பார். வேறொருவர் ‘விருப்ப அச்சு’ என்பார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்கமாட்டார். நான் இப்போதைக்கு ‘இசைவச்சு’ என்று எழுதிவருகிறேன். மறுப்போர் மறுக்கலாம், சிரிப்போர் ஒரு மாற்றுச்சொல்லைத் தந்துவிட்டுச் சிரிக்கவும்.