டை உடையாம இருக்க சென்சார் இருக்கு... விரலுக்கு?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம். 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தபோது இந்த ஊர்ப் பெயர் நாடு முழுக்கச் செய்தியானது. பெரிய கம்பெனிகளின் போர்டுகள்தான் நம் கண்ணில் படும். ஆனா இங்கிருந்து ஒரகடம் வரைக்குமான தொழில் வட்டாரமே பெயர் தெரியாத பிரஸ் ஷாப்களை நம்பித்தான் ஓடுது. வாஷிங் மெஷினின் வெளிக்கூடு, கார் கதவு, பைக் பெட்ரோல் டேங்க், கைக்கு அடக்கமான ஒரு பிராக்கெட் என்று எல்லாமே உலோகத் தகட்டை அழுத்தி, வெட்டி, வளைத்துச் செய்தவை.

ஆபீஸில் பேப்பருக்குத் துளை போடும் பஞ்சிங் மெஷின் தெரியும் இல்லையா? அதேதான் இது, என்ன, டன் கணக்கில் அழுத்தம். மேலே பஞ்ச், கீழே டை, நடுவில் தகடு. பேப்பர் பஞ்சில் ஒரு வட்டத் துண்டு ஒட்டிக்கொண்டால் தட்டிவிட்டுப் போய்விடுவோம். பிரஸ்ஸில் அப்படி ஒரு துண்டு டைக்குள் தங்கி, அடுத்த அடி அதன் மேலேயே விழுந்தால் பஞ்ச் உடையலாம், டையில் விரிசல் விடலாம். லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்த டை அது. போதாததுக்கு, டூல் ரூமில் அதைச் சரிசெய்யும் வரை லைன் நிற்கும்.

நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் ஓடும் பிரஸ் என்றால் விநாடிக்கு ஓர் அடி. மனிதக் கண் பார்த்து, கை போய் பட்டனை அழுத்துவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். சென்சார் தேவைப்படுவது இதனால்தான்.

சென்சார் என்ன பார்க்கும்?

தகடு சரியான இடத்துக்கு நகர்ந்ததா, ஒரு தகட்டுக்குப் பதில் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா, அழுத்தம் வழக்கத்தைவிட எகிறுதா என்று ஒவ்வொன்றையும் கவனிக்க ஒரு சென்சார் உண்டு. இதில் முக்கியமானது, அடித்த பீஸ் வெளியே வந்துவிட்டதா என்று பார்ப்பது. வெளியே விழும் வழியில் ஒரு சின்ன சென்சார், பீஸ் அதைக் கடக்கும்போது ஒரு சிக்னல். அந்த சிக்னல் வரலைன்னா அடுத்த அடி கிடையாது. அவ்ளோதான். ஆனால் சிக்னல் வந்தால் மட்டும் போதாது, நேரத்துக்கு வரணும். பிரஸ்ஸின் சுழற்சியில் ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால், பிழை தெரிந்தாலும் பிரேக் பிடித்து நிறுத்த முடியாது.

இந்த யோசனைக்கு ஜப்பானியப் பெயர் 'போகா யோகே'. 1960-களில் இதைப் பரப்பியவர் ஷிகியோ ஷிங்கோ. முதலில் அவர் வைத்த பெயர் 'பாகா யோகே', அதாவது முட்டாள் தடுப்பு. 1963-ல் அராகாவா ஆட்டோ பாடி ஆலையில் ஒரு பெண் தொழிலாளி, "நான் என்ன அவ்வளவு முட்டாளா?" என்று மனம் உடைந்து அழுத பிறகு, 'தவறுத் தடுப்பு' என்ற பொருளில் பெயரை மாற்றினார். தப்பு பண்றவர் முட்டாள் இல்லை, தப்பு நடக்க இடம் கொடுக்கும் ஏற்பாடுதான் பிரச்னை என்கிற பார்வை அந்தப் பெயர் மாற்றத்திலேயே இருக்கு. நம்ம ஊர் விபத்துச் செய்திகளில் இன்னும் 'கவனக்குறைவால்' என்றே எழுதுகிறோம்.

கை ஏன் உள்ளே போகுது?

மேலே சொன்ன அதே காரணங்களுக்காகத்தான். தகடு கோணலாக வந்ததை நேராக்க, ஒட்டிக்கொண்ட பீஸை எடுக்க, ஸ்க்ராப்பைத் தள்ளிவிட. அப்படியென்றால், டைக்காக வைக்கும் சென்சாரும் நல்ல வெளியேற்றும் அமைப்பும் சேர்ந்தால் விரலுக்கும் அது பாதுகாப்பு. கை உள்ளே போகவேண்டிய தேவையே குறையும். ஆனா பல முதலாளிகள் இதை இரண்டு தனிக் கணக்காகப் பார்க்கிறார்கள். டை சென்சார் 'முதலீடு', கையைக் காக்கும் ஒளித்திரை 'செலவு'.

ஒளித்திரை என்பது பிரஸ்ஸுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகளால் ஆன ஒரு திரை. கை குறுக்கே வந்தால் பிரஸ் நிற்க வேண்டும். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மனிதக் கை விநாடிக்கு சுமார் 1.6 மீட்டர் வேகத்தில் நகரும் என்று எடுத்துக்கொள்வார்கள். பிரஸ் நிற்க கால் விநாடி ஆகுமென்றால், திரை டையிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பிரேக் தேய்ந்து, நிற்கும் நேரம் 0.4 விநாடி ஆகிவிட்டால் 64 சென்டிமீட்டர் வேண்டும். திரையோ பழைய இடத்திலேயே இருக்கும். பச்சை விளக்கு எரியும், பாதுகாப்பு இருக்காது.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கு. சின்ன பட்டறைகளில் பார்க்கும் பழைய பின் கிளட்ச், கீ கிளட்ச் பிரஸ்களை நடுவழியில் நிறுத்தவே முடியாது. பெடலை மிதித்தால் ஒரு முழுச் சுற்று முடிந்தே தீரும். இதில் ஒளித்திரை மாட்டினால் அது கண் மட்டும்தான், பிரேக் இல்லை. அமெரிக்காவில் இந்த வகை பிரஸ்ஸில் பாதுகாப்புக்காக ஒளித்திரையை நம்புவதற்கே விதிப்படி அனுமதி கிடையாது. கை நுழைய முடியாத கூண்டு போடணும், இல்லைன்னா ஏர் கிளட்சுக்கு மாறணும்.

சென்சாரும் பிரேக்கும் சரியாக இருக்கிற இடத்தில் வருவது பை-பாஸ். எண்ணெய், தூசு, அதிர்வு காரணமாக சென்சார் சும்மா சும்மா நிறுத்தும். டார்கெட் கீழே போகும். யாரோ ஒருவர் ஒரு ஒயரை மாற்றி மாட்டுவார். 2010 அக்டோபர் 31 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஓர் இளம் பெண் தொழிலாளி பேனல் லோடிங் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். அது பிரஸ் இல்லை, ஆனால் உற்பத்தி வேகத்துக்காக அதன் சென்சார் முடக்கப்பட்டிருந்ததாகத் தொழிலாளர்கள் தரப்பில் குற்றம் சாட்டினார்கள்.

பிரஸ்ஸில் பெரும்பாலும் உயிர் போகாது, விரல் போகும். அதனால் செய்தியும் ஆகாது. ஆட்டோ உதிரிபாக ஆலைகளில் காயம்பட்டவர்களைத் தொடர்ந்து பதிவு செய்யும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பின் அறிக்கைகள், இந்த விபத்துகளுக்குப் பெரிய காரணம் பவர் பிரஸ்தான் என்று 2019 முதல் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி ஹரியானா கணக்கு. 1923-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் அமலில் இருந்தபோது அதன் அட்டவணைப்படி, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14% இழப்பு என்று கணக்கிட்டார்கள். கட்டை விரலுக்கு 30%. பிரஸ் ஷாப்பில் ஒப்பந்த வேலை பார்ப்பவருக்கு அடுத்த கம்பெனியில் வேலை கிடைக்குமா என்பது இந்தக் கணக்கில் வராது.

என் கருத்து இதுதான். டை சென்சாருக்குக் கொடுக்கும் அதே மரியாதையை இந்தத் திரைக்கும் கொடுக்க வைக்கும் சக்தி பொருளை வாங்கும் பெரிய கம்பெனிகளிடம்தான் இருக்கு. சப்ளையரிடம் பத்து லட்சத்துக்கு எத்தனை பீஸ் ரிஜெக்ட் என்று மாதாமாதம் கேட்கிறார்கள். எத்தனை முறை சென்சார் பை-பாஸ் ஆனது, யார் சாவியால், எவ்வளவு நேரம் என்பதையும் கேட்கலாமே? இன்றைய கன்ட்ரோலர்களில் இதைப் பதிவு செய்வது பெரிய வேலையே இல்லை. அடிக்கடி பை-பாஸ் ஆகும் சென்சார் எது என்று தெரிந்தால், அதை ஏன் மாற்றவோ இடம் நகர்த்தவோ இல்லை என்று கேள்வி மேனேஜரிடம் போகும். இப்போ அது ஆபரேட்டரிடமே நின்றுவிடுகிறது.

ஐடிஐ முடித்து பிரஸ் லைனில் சேரும் தம்பி, தங்கைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இதை அனுப்புங்கள். பெடலை மிதிப்பதற்கு முன் செட்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அண்ணா, இந்த பிரஸ் பாதியில நிக்குமா?" நிற்கும் என்றால், ஷிஃப்ட் தொடங்கும்போது, டை காலியாக இருக்க, ஒளித்திரையோடு கொடுக்கும் சோதனைக் குச்சியைக் குறுக்கே நீட்டி நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள்.