ஜோசப்பை நமக்குத் தெரியும்



'மாநகரம்' (2017) படத்தை விடுதியில் பத்துப் பேர் கூடிப் பார்த்தோமே, ஞாபகமிருக்கிறதா? முன்பின் தெரியாதவர்களின் வாழ்க்கை ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதைப் பார்த்து விசிலடித்தோம். ஆனால் அப்படி ஒரு முட்டலை 1966-லேயே நம்ம கடலூர்க்காரர் ஒருத்தர் படமாக எடுத்துவிட்டார்!

மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன்தான் அவர். தன் குறுநாவலைத் தானே இயக்கினார்: 'யாருக்காக அழுதான்?' நாகேஷ், கே.ஆர்.விஜயா நடித்தது. அதற்கு முந்தைய வருடம் எடுத்த 'உன்னைப்போல் ஒருவன்' தேசிய விருதே வாங்கியது. இன்று இரண்டையும் பேசுவாரில்லை. எனக்கும் படம் கிடைக்கவில்லை. நாவலைத்தான் கடலூர் நூலகத்தில் ஒரே மூச்சில் படித்தேன்.

கதை நடப்பது ஒரு லாட்ஜில். வருகிறவன் யாரோ, போகிறவன் யாரோ. தங்க வந்தவரின் பணம் காணாமல் போகிறது. பழி வேலைக்காரன் ஜோசப் மேல் விழுகிறது. என்ன சாட்சி? அவன் கண்தான்! 'திருட்டுமுழி' என்று ஏற்கெனவே பட்டப்பெயர். 'மாநகரத்தில்' ஆட்களை முடிச்சுப் போடுவது தற்செயல். இங்கே முடிச்சுப் போடுவது சந்தேகம். இதுதான் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

ஏன் சொல்கிறேன் என்றால், போன வருடம் நம்மில் ஒருவனின் பரீட்சைப் பணம் பர்ஸோடு காணோம். நாம் யார் பெட்டியைத் திறந்தோம்? மெஸ்ஸில் தட்டு கழுவிய தம்பியின் தகரப்பெட்டியை. இரண்டு சட்டை, ஒரு சீப்பு, அவங்க அம்மா போட்டோ. டார்ச் பிடித்தவன் நான். அவன் ஒன்றுமே பேசவில்லை. மறுநாள் காலை வேலையை விட்டுப் போய்விட்டான். மூன்றாம் நாள் பர்ஸ், அதன் சொந்தக்காரனுடைய ஒர்க்ஷாப் காக்கிச் சட்டைப் பையிலேயே இருந்தது. எல்லோரும் சிரித்தோம். டீ கூட வாங்கித் தந்தான்.

அந்தத் தம்பியிடம் மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை இன்னமும் அவன் திருடன்தான்.

சங்க நிர்வாகிகளுக்கு என் கோரிக்கை: விடுதியில் எது தொலைந்தாலும் முதலில் தொலைத்தவன் அறையைத் தேடட்டும். மெஸ் ஆட்களின் பெட்டியில் மாணவன் எவனும் கை வைக்கக் கூடாது. இதைத் தீர்மானமாகவே போடுங்கள்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் புதுச்சத்திரம் வரும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அங்கே இறங்கி உள்ளே போனால் அவன் ஊர். விலாசம் மெஸ் நோட்டில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பர்ஸ்காரனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அறையில் இருந்த மற்ற ஆறு பேரும் வாங்கப்பா.