பாசம் என்று சோற்றைக் கொட்டாதீர்கள்!

எங்கள் ஊரில் நான் நாயை நடக்கக் கூட்டிப் போனால், ‘நாய்க்குக்கூட வாக்கிங்கா?’ என்று கேட்காத ஆள் இல்லை. முதலில் எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நாலு வருஷத்துக்கு முன் என் கணவர் திருச்சியிலிருந்து லாப்ரடார் குட்டி ஒன்று வாங்கி வந்தார். டைகர் என்று பெயர் வைத்தோம். ஆசை அவருக்கு, பராமரிப்பு எனக்கு! காலையில் நாலு இட்லி, மத்தியானம் நெய் விட்ட சாதம், டீ நேரத்தில் பிஸ்கட். யார் மணப்பாறை போய் வந்தாலும் முறுக்கில் அதற்கும் பங்கு. மற்ற நேரமெல்லாம் திண்ணைத் தூணில் சங்கிலி. ‘கன்னுக்குட்டி மாதிரி வளர்த்திருக்கீங்களே’ என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

போன வருஷம் சித்திரையில் ஒருநாள், மூணு படி ஏற முடியாமல் நடுவிலேயே உட்கார்ந்து இரைத்தது. பதறிப் போய் கால்நடை டாக்டரிடம் கொண்டு போனோம். எடை 44 கிலோ! விலாவைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு எலும்புகூடக் கைக்குத் தட்டுப்படவில்லை. ‘நோய் ஒண்ணும் இல்லம்மா, நீங்க போட்ட சோறுதான். இப்படியே விட்டா மூட்டு போயிடும்’ என்றார். மனசு சுருக்கென்றது.

அன்றிலிருந்து நடை. முதல் வாரம் தெருமுனை வரை பத்தே நிமிஷம். கனத்த உடம்பை எடுத்தவுடன் ஓட விட்டால் மூட்டுக்குத்தான் கேடு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டுத்தான் சூட்டைத் தணிக்கும். அதனால் தார் ரோடு சுடுவதற்கு முன், விடிகாலையிலேயே கிளம்பிவிடுவோம். இப்போது குளத்துக்கரை வரை போய்வர முக்கால் மணி நேரம்.

நடை மட்டும் போதாதுங்க. வந்ததும் நாலு பிஸ்கட் போட்டால் நடந்தது வீண். சாப்பாட்டையும் அளந்தேன். ‘வாயில்லா ஜீவனுக்கு அளந்து போடுறியே, பாவம் வராதா?’ என்றார் மாமியார். என் மகள் செல்போனில் படித்துக் காட்டினாள். அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் கால் பங்கு குறைத்தே கடைசி வரை சாப்பாடு போட்டார்களாம். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய ரெண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன என்று 2002ல் வெளியிட்டிருக்கிறார்கள். ‘இப்ப பாவம் எதுங்க அத்தை?’ என்றேன். பதில் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரியாமல் ஒரு முறுக்கு போடத்தான் செய்கிறார்!

லாப்ரடாரில் சுமார் நாலில் ஒன்றுக்குப் பிறவியிலேயே பசி அடங்காத குணம் உண்டு என்று 2016ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். அது கண்ணைக் கண்ணைப் பார்க்கிறதே என்று போட்டால், கெடுதல் செய்வது நாம்தான்.

எட்டு மாதத்தில் 36 கிலோவுக்கு வந்துவிட்டது. அதே படியை இப்போது ஒரே தாவாகத் தாவுகிறது. என் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது!

சங்கிலியில் கட்டிச் சோறு போடுவது வளர்ப்பு ஆகாது. தினமும் நடத்திக் கூட்டிப் போக நேரமில்லாதவர்கள் நாய் வாங்கவே வேண்டாம். ஆசைப்பட்டு வாங்கி வரும் ஆண்கள் ஒரு வேளையாவது சங்கிலியைக் கையில் பிடிக்கட்டும்.

என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, மருங்காபுரி.