எஞ்சிய துணி

நாமக்கல் மாவட்டத்து இராசிபுரம் கைத்தறிப் பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குத் துணியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாவும் ஊடையும் இழை இழையாகக் கூடியே ஒரு முழம் துணி உருவாகின்றது. ஆயினும், உடை தைத்தபின் எஞ்சும் துண்டுகள் பல இல்லங்களில் குப்பைக்கே செல்கின்றன.

அவற்றைக் கொண்டு ஒரு குழந்தைக்குச் சட்டை தைத்து அன்பளிப்பாக வழங்கலாகாதா? மிச்சத்தைக் கொடுப்பது பெறுவோரை இழிவுபடுத்துவதாகும் என்பர் சிலர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. தமக்கு வேண்டாததை, அது பொருந்துமா என்றும் பாராமல், பிறர் கையில் திணிப்பது கொடை ஆகாது. ஆனால், குழந்தையின் அளவெடுத்து, பாவு நூல் மேலிருந்து கீழாக அமையுமாறு வெட்டி, உடலை உறுத்தாதபடி ஓரங்களை மடித்துத் தைத்து, வளருங்கால் பிரித்து நீட்டுதற்கு அடியில் அகன்ற மடிப்பும் விட்டுக் கொடுப்பது வேறு. முன்னதில் மிச்சம் மட்டுமே உண்டு; பின்னதில் உழைப்பும் அக்கறையும் உண்டு.

பீகாரில் பழந்துணிகளை இணைத்துப் பிறந்த குழந்தையைப் பொதியச் ‘சுஜனி’ தைக்கும் மரபு உண்டு. 1930களில் அமெரிக்காவை வறுமை சூழ்ந்தபோது, தாய்மார் மாவுப் பைகளின் எழுத்துகளைக் கழுவி நீக்கிப் பிள்ளைகளுக்கு உடை தைத்தனர். அதனைக் கண்ட ஆலையார் பைகளிலேயே பூக்களை அச்சிடலாயினர்.

ஆகவே, கொடுக்கும் துணி எஞ்சியதாய் இருக்கலாம். கொடுப்பவரின் அன்பு எஞ்சியதாய் இருத்தல் ஆகாது.