யாருக்கு என்று கேளாதீர். எப்படி என்று கேளுங்கள்

பாஞ்சாலங்குறிச்சியைத் தன்னகத்தே கொண்ட ஓட்டப்பிடாரம் சட்டமன்றத் தொகுதி, 2017 செப்டம்பரில் 18 உறுப்பினர்கள் ஒருங்கே தகுதி நீக்கம் செய்யப்பட்டபோது தன் பிரதிநிதியை இழந்தது. அந்தத் தகுதி நீக்கத்தை எதிர்த்த வழக்கு 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தில் முடிவடைந்த பின்னரும், 2016 தேர்தலில் 493 வாக்குகளில் தோற்றவர் தொடுத்திருந்த பிறிதொரு வழக்கின் பொருட்டு மேலும் காத்திருந்து, இருபது மாதங்கள் கழித்து, 2019 மே 19 அன்றுதான் இடைத்தேர்தலைக் கண்டது. அதற்கு 31 நாட்கள் முன்பு, ஏப்ரல் 18 அன்று, மக்களவைக்கு வாக்களித்துவிட்டு வந்த அதே ஜனங்கள், நகத்தில் பட்ட மை முற்றும் மறையுமுன்பே, அக்கினி நட்சத்திர வெயிலில் மறுபடியும் வரிசையில் நின்றார்கள். மே 23 அன்று முடிவு வந்தது. வேட்பாளர்களுள் சண்முகையா வெற்றி பெற்றார். ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை என்ற கணக்கு ஒன்றுவிடாமல் பதிவாயிற்று. ஆனால் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த நாள் எப்படிக் கழிந்தது என்று கேட்டறியும் கடமை மட்டும் எவருக்கும் விதிக்கப்படவில்லை.

அந்தத் தேர்தல் முடிந்த சில தினங்களில், அப்பக்கத்துக் கிராமம் ஒன்றில், பருத்திமார் அடுக்கியிருந்த சுவரோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம், "தேர்தல் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் முகம் சட்டென்று இறுகியது. "யாருக்குப் போட்டேன்னு கேக்கியளாக்கும்? அது எனக்கும் அந்தப் பொட்டிக்குந்தான் தெரியும்" என்றார். அதைக் கேட்கவில்லை, போய்வந்த விவரத்தை மட்டும் சொல்லுங்கள் என்று நான் விளக்கியதும் இறுக்கம் தளர்ந்தது. வேப்பமரத்து நிழல் பாதி வரிசையோடு நின்றுபோனதையும், பின்னால் நின்றவர்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கால் மாற்றி மாற்றி நின்றதையும் சொன்னார். கடைசியாக, குரலைத் தாழ்த்தி, "கண்ணாடிக்குள்ள ஒரு சீட்டு வந்துச்சு தம்பி. நா கிட்டக்கப் போயிப் பாக்குமுன்ன விழுந்துட்டு. நா அமுக்குனதுதானான்னு யார்ட்டப் போயிக் கேக்க?" என்றார்.

வாக்காளர் தம் வாக்கைச் சரிபார்க்க அச்சாகும் அந்தச் சீட்டு ஏழு வினாடி கண்ணுக்குத் தெரியும் என்பது இயந்திரத்தை வகுத்தவர்களின் நிர்ணயம். அந்த ஏழு வினாடி, கண்புரை படர்ந்த ஒரு கண்ணுக்குப் போதுமா என்பதை அந்தக் கண்ணுக்குரியவரே சொல்லக்கூடும். அதுவும், ஒருவர் சென்று கேட்டால்தான் சொல்லக்கூடும். ஆகவே ஒவ்வோர் இடைத்தேர்தலுக்குப் பின்பும் வாக்காளரின் அனுபவத்தை முறைப்படி விசாரித்து, அதன் பலனைப் பகிரங்கப்படுத்துவதைத் தேர்தல் கமிஷன் ஒரு நிரந்தரக் கடமையாக ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இடைத்தேர்தலை நான் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொதுத்தேர்தலில் 234 தொகுதிகளுக்கும் பரவிக் கிடக்கும் மந்திரிகளும் கட்சிக்காரர்களும் பணமும் பறக்கும் படைகளும் இடைத்தேர்தலில் ஒரு சில தாலுகாக்களின்மேல் வந்து இறங்குவதால், சாதாரண காலத்தில் மறைந்திருக்கும் வியாதிகள் யாவும் அப்போது தோலுக்கு மேல் தெரிகின்றன. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊரின் பெயரே பணப் பட்டுவாடாவுக்கு மறுபெயராக வழங்கலாயிற்று; 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் அதே காரணத்தால் ரத்தாயிற்று. பறிமுதலான தொகையை அதிகாரிகள் எண்ணிச் சொல்லிவிடலாம். ஆனால், அந்தப் பணத்தை வாங்க மனமின்றி வாங்கியவர் எத்தனை பேர், மறுத்ததால் ஏச்சுக்கு ஆளானவர் எத்தனை பேர் என்பதை எந்தப் பறிமுதல் கணக்கும் காட்டாது.

கிராமத்து வாக்காளரை வாட்டும் பயம் இன்னொன்றும் இருக்கிறது. பூத்துவாரியாக எண்ணிக்கை வெளியாவதால், தனி மனிதரின் ரகசியம் காக்கப்பட்டாலும் ஊரின் ரகசியம் காக்கப்படுவதில்லை. மழையை நம்பிப் பயிரிட்டு, குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்கும் கரிசல் கிராமத்தில், 'நம்ம பூத்தில் இவருக்கு இத்தனைதான் விழுந்தது' என்று நாளை தெரிந்து, ஊர் பழிவாங்கப்படுமோ என்ற நினைப்பு லேசானதன்று. பல பூத்துகளின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டி எண்ணும் 'டோட்டலைசர்' என்ற கருவியைத் தேர்தல் கமிஷன் 2008இலேயே யோசனையாக முன்வைத்தது. சட்டக் கமிஷனும் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் அதைச் சிபாரிசு செய்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. இந்தப் பயம் வாஸ்தவமா, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை மக்களிடமே கேட்டு அறிந்திருந்தால், அந்த விவாதம் டில்லியின் கோப்புகளுக்குள் இப்படித் தேங்கியிராது.

நம் நாட்டில் தேர்தலுக்குப் பிந்திய ஆய்வுகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. டில்லியின் வளர்ந்துவரும் சமுதாயங்கள் ஆய்வு மையம் 1960களிலிருந்து அத்துறையில் செய்துவரும் பணி மதிக்கத்தக்கது. ஆயினும் அத்தகைய ஆய்வுகளில் நாம் ஆவலோடு தேடுவது யாருக்கு எந்தச் சாதி, எந்த வயது வாக்களித்தது என்பதைத்தான். தேர்தல் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றிய விசாரணை வேறு. இங்கிலாந்தில் 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் முதன்முறையாகப் புகைப்பட அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டபோது, சாவடிக்கு வந்தும் அட்டை இன்றி வாக்களியாமல் திரும்பியவர் சுமார் 14,000 பேர் என்று சாவடிப் பதிவேடுகள் காட்டின. ஆனால் அங்குள்ள தேர்தல் கமிஷன் மக்களிடம் விசாரித்தபோது, வாக்களிக்காதவர்களுள் 100க்கு 4 பேர் இந்த விதியையே காரணமாகச் சொன்னார்கள். சாவடியின் பதிவேடு வாசல்வரை வந்தவரை மட்டுமே அறியும். வீட்டிலேயே தங்கிவிட்டவரை, கேள்வி ஒன்றுதான் சென்றடையும். திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் வாக்களிக்க ஊருக்கு வந்துபோக முடியாத நம் வறண்ட பூமியில் இந்த உண்மைக்கு இருமடங்கு கனம் உண்டு.

செய்யும் முறை சிரமமானதன்று. வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களை எடுக்க வேண்டும். வாக்களித்தவர், அளிக்காதவர் இருவரும் அதில் சேர வேண்டும். கேட்கப் போகிறவர்கள் உள்ளூர் ஊழியராகவோ கட்சிக்காரராகவோ இல்லாமல், வெளி மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களாக இருத்தல் நலம். ஞாபகம் மங்குமுன், முப்பது நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். பணத்தைப் பற்றிய கேள்விக்கு வாய்மொழியாகப் பதில் கேளாமல், பெயரில்லாத சீட்டில் குறியிட்டுப் பூட்டிய பெட்டியில் போடச் சொல்ல வேண்டும். பலனைத் தொகுதி முழுமைக்குமாக வெளியிட வேண்டுமே அன்றி, ஊர்வாரியாக வெளியிடலாகாது. எந்தக் கேள்வியும் எந்தச் சின்னத்தையும் தொடக்கூடாது என்பது இவை எல்லாவற்றிற்கும் மேலான விதி.

பாஞ்சாலங்குறிச்சிக்கு இதில் ஒரு பழைய பாத்தியதை உண்டு. 1798 செப்டம்பரில், ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் அவ்வூர்ப் பாளையக்காரர் கட்டபொம்மனைத் தம் முன்னே மணிக்கணக்கில் நிற்க வைத்தார். அதனால் எழுந்த முறையீட்டின்மேல், வியாபாரம் செய்ய வந்த கிழக்கிந்தியக் கும்பினியே விசாரணைக் குழு ஒன்றை அமைத்து, நடந்தது என்ன என்று கேட்டறிந்து, கட்டபொம்மனைக் குற்றமற்றவர் என்றும் ஜாக்சன் பதவியில் இருக்கத் தகாதவர் என்றும் முடிவு கண்டது. மறு ஆண்டே அதே கும்பினி கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டது என்பதால் அதன் நீதியை நான் புகழ வரவில்லை. அந்நிய ஆட்சிகூட, அதிகாரத்தின் முன் ஒருவர் நின்ற விதத்தைப் பற்றி ஒரு முறை விசாரித்தது என்பதையே நினைவூட்டுகிறேன். அவரோ பாளையத்துக்கு அதிபதி. முறையிடும் வலிமை அவருக்கு இருந்தது. வேப்பமர நிழலுக்கு அப்பால் நின்ற மூதாட்டிக்கு மனு எழுதத் தெரியாது. எங்கே கொடுப்பது என்பதும் தெரியாது. அவர் வந்து முறையிடட்டும் என்று காத்திராமல், அடுத்த இடைத்தேர்தல் முடிந்த மறுவாரமே குடியரசு அவர் வாசலுக்குச் சென்று, அந்தச் சீட்டு உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததா அம்மா என்று கேட்கட்டும்.