சிறிய பெட்டியும் பெரிய படமும்

கலியாண வீட்டில் மத்தியஸ்தம் செய்யப் போகிறவன் புத்திசாலி அல்ல என்பது அடியேனுடைய நெடுநாளைய அபிப்பிராயம். அப்படியிருந்தும், சென்ற தை மாதத்தில் ஆம்பூருக்குப் போய் அந்தக் காரியத்தையே செய்துவிட்டு வந்தேன். ஆம்பூர் என்றதும் வாசகர்களில் சிலருக்குப் பிரியாணி ஞாபகம் வரும். சிலருக்குத் தோல் ஞாபகம் வரும். எனக்கோ இனிமேல் ஒரு பழைய டெலிவிஷன் பெட்டிதான் ஞாபகத்துக்கு வரும்.

விஷயம் இதுதான். என் தமக்கையின் பெண்ணுக்கு விவாகம் நிச்சயமாகியிருந்தது. தமக்கையின் கணவர் அவ்வூர்ப் பாதரட்சைத் தொழிற்சாலை ஒன்றில், தோலின்மீது அச்சு வைத்து வெட்டும் பகுதியில் இருபத்தைந்து வருஷ காலமாக வேலை பார்ப்பவர். ஓர் அங்குலத் தோல் வீணானால் அன்று இரவு அவருக்குத் தூக்கம் வராது. இப்பேர்ப்பட்டவரிடம் காமிராக்காரர் வந்து இரண்டு விதமான கட்டணம் சொன்னார். பழைய காமிராவில் பிடித்து டி.வி.டி. தட்டில் போட்டுக் கொடுப்பதற்கு ஒரு தொகை. "நாலு கே" என்னும் அதி நுட்பக் காமிராவில் பிடிப்பதற்கு அதைப் போல் ஒன்றரைப் பங்கு.

மாமா கூடத்து மூலையைச் சுட்டிக் காட்டினார். அங்கே 21 அங்குலப் படக்குழாய்ப் பெட்டி ஒன்று, தலையில் துணிவிரிப்புடன், கம்பீரமாக வீற்றிருந்தது. 2006-ஆம் வருஷத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசாங்கத்தார் இலவசமாக வழங்கிய 14 அங்குல வர்ணப் பெட்டி ஒன்றும் பரணில் இருந்தது.

"மச்சான், நீயே சொல். பார்க்கப் போவது இந்தப் பெட்டியில். இதில் தெரியாத நுட்பத்துக்கு நான் எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்? அரைப்படி பிடிக்கிற பாத்திரத்தில் ஒரு படி பாலை ஊற்றினால் மிச்சம் தரையில்தானே போகும்?" என்று கேட்டார்.

என் தமக்கை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, அவளுக்கு அந்தப் பெரிய காமிராவின் மேல்தான் மனம் என்று தெரிந்தது. காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

முதலில் மாமாவின் கட்சியைப் பார்ப்போம். அது லேசான கட்சி அல்ல. நமது தேசத்துப் பழைய பெட்டிகள் 625 கோடுகளால் படம் எழுதுகிறவை. அவற்றில் கண்ணுக்குத் தெரியக் கூடியவை 576. டி.வி.டி. தட்டிலுள்ள படத்தைப் புள்ளிகளாகக் கணக்கிட்டால் 720-க்கு 576, அதாவது சுமார் 4 லட்சம். ஹை டெபினிஷன் என்று பெரிய பெட்டிகளில் எழுதியிருக்கிறதே, அதில் 1,920-க்கு 1,080. சுமார் 20 லட்சம். நாலு கே என்பதிலோ 3,840-க்கு 2,160. ஏறக்குறைய 83 லட்சம்! எண்பத்து மூன்று லட்சம் பேரை அழைத்துவிட்டு நாலு லட்சம் பேருக்கு மட்டும் இலை போடுவது போலத்தான் இது. போதாக்குறைக்கு, புதுக் காமிராவின் படம் அகலமானது. பழைய பெட்டியோ ஏறக்குறையச் சதுரம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, 576 கோடுகளில் 432 மட்டுமே படத்துக்கு மிஞ்சும். பெட்டியின் முதுகில் மஞ்சள், சிவப்பு, வெள்ளையாக மூன்று துவாரங்கள் இருக்கின்றன அல்லவா? மஞ்சள் கம்பி வழியாகப் பழைய தரத்துப் படம்தான் செல்லும். எவ்வளவு உயர்ந்த கருவியைக் கொண்டு வந்து பூட்டினாலும் அந்த வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். மாமா வீட்டுக் கூடத்தில் பத்தடி தூரத்தில் பாய் விரித்து உட்காருவது வழக்கம். அந்தத் தூரத்திலிருந்து நல்ல பார்வையுள்ளவர் பிரித்தறியக் கூடிய இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பெட்டியின் கோடுகளோ அரை மில்லிமீட்டர்தான். அதாவது, இருக்கிற 576 கோடுகளையே கண் முழுதும் வாங்கிக் கொள்வதில்லை! நாளைக்கே 43 அங்குலப் புதுப் பெட்டி வாங்கி அதே பாயில் உட்கார்ந்தாலும், 1,080 கோடுகளுக்கு மேற்பட்டது வியர்த்தமே. ஆகவே, "இன்று இரவு, இந்தக் கூடத்தில், இந்தப் பெட்டியில்" என்று கேள்வியைக் கட்டிப் போட்டால் மாமாவுக்கே ஜயம். அப்படியே தீர்ப்புச் சொல்லிவிடுவது என்று வாயையும் திறந்தேன்.

அச்சமயத்தில் தமக்கை உள்ளே போய் ஒரு சின்ன மேஜைக் கணினியைக் கொண்டு வந்தாள். 1994-ல் நடந்த அவளுடைய கலியாணத்தின் வீடியோ நாடாவை, பூஞ்சை பிடித்துப் போவதற்கு முன் யாரையோ பிடித்து அதில் மாற்றி வைத்திருந்தாள். "தம்பி, இதைப் பார்" என்றாள்.

பார்த்தேன். மேளக்காரர் தெரிந்தார், பந்தல் தெரிந்தது. மணவறைக்குப் பின்னால், கையில் தாம்பாளத்துடன், எங்கள் தாயார் நாலைந்து விநாடி நின்றாள். இன்று அவள் இல்லை. அவள் நடமாடும் படம் உலகத்தில் அது ஒன்றுதான். தமக்கை படத்தை நிறுத்தி, பெரிதாக்கினாள். முகம் பெரிதாகவில்லை, மங்கல்தான் பெரிதாயிற்று. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல். மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல்.

இதில் காமிராக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் காலத்து வி.எச்.எஸ். நாடா, குறுக்குவாட்டத்தில் சுமார் 240 கோடுகளுக்கு மேல் பிரித்துக் காட்டாது. வர்ணத்துக்கு அதிலும் மிகக் குறைவு. அன்று எங்கள் வீட்டுப் பெட்டிக்கு அது தாராளமாகப் போதுமாயிருந்தது. பெட்டி போய்விட்டது, நாடாதான் மிஞ்சியிருக்கிறது. பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

நான் மாமாவின் பக்கம் திரும்பினேன். "மாமா, ஒரு முழுத் தோலிலிருந்து சின்னத் துண்டு வெட்டலாம். சின்னத் துண்டிலிருந்து முழுத் தோல் செய்ய முடியுமா?" என்று கேட்டேன். மாமா பதில் பேசவில்லை. தம் தொழிலைச் சாட்சிக்கு அழைத்தால் அவர் பொய் சொல்ல மாட்டார்.

இதே பாடத்தை நம்மைவிடப் பெரியவர்களும் படித்திருக்கிறார்கள். 1969-ல் அமெரிக்கர்கள் சந்திரனில் இறங்கியபோது, அங்கிருந்து வந்த படம் விநாடிக்குப் பத்து வீதம், 320 கோடுகளாக வந்தது. வீட்டுப் பெட்டிகள் அதை ஏற்காதாகையால், பூமியில் அதை ஒரு திரையில் காட்டி, அந்தத் திரையை மற்றொரு காமிராவால் பிடித்து அனுப்பினார்கள். உலகத்தார் பார்த்தது இந்தத் தேய்ந்த படத்தைத்தான். தெளிவான மூலப் படம் நாடாக்களில் பதிவாகித் தனியே இருந்தது. பிற்பாடு தேடியபோது, அவை அழிக்கப்பட்டு வேறு காரியத்துக்கு உபயோகமாகிவிட்டன என்ற முடிவுக்கே 2009-ல் அவர்கள் வர வேண்டியிருந்தது. மனித ஜாதி சந்திரனில் வைத்த முதல் அடிக்கே இந்தக் கதி!

இதற்கு நேர்மாறான உதாரணம் நமது கோடைக்கானலில் இருக்கிறது. அங்குள்ள வானிலாயத்தார் 1904 முதல் சூரியனைத் தொடர்ந்து படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அன்று அதைப் பார்க்க இருந்த கருவி ஒரு பூதக் கண்ணாடியும் ஒரு ஜோடிக் கண்ணும்தான். அவற்றுக்குப் போதுமானபடி சுமாராகப் பிடிப்போம் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. நூறு வருஷம் கழித்து அந்தப் படங்களை 4,096-க்கு 4,096 புள்ளிகளாகக் கணினியில் ஏற்றி, இன்றைய ஆராய்ச்சியாளர்கள் உபயோகப்படுத்துகிறார்கள். பதிகிறவன் தன் காலத்துக் கண்ணுக்காக மட்டும் பதியக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

"அப்படியானால் புதுப் பெட்டி வாங்குகிற வரையில் காத்திருக்க வேண்டுமா?" என்று மாமா கடைசி அஸ்திரத்தை விட்டார். வேண்டியதில்லை. நாலு கே படத்தில் உயரத்திலும் அகலத்திலும் மூன்றில் ஒரு பங்குள்ள மூலையை மட்டும் கத்தரித்து எடுத்தாலும், அது பழைய பெட்டியை நிரப்பப் போதும், தெளிவு குறையாது. மேலும், பெரிய படத்தைச் சிறிதாகச் சுருக்கும்போது இருட்டில் தோன்றும் பொரிப் பொரியான புள்ளிகள் கலந்து மறைந்துவிடும். பழைய பெட்டிக்கே கொஞ்சம் அழகு கூடும்.

பிறகு செலவுப் பட்டியலைக் கையில் எடுத்தோம். ஆகாயத்தில் பறக்கும் காமிரா நீக்கப்பட்டது; நீண்ட கழியில் ஆடும் காமிரா நீக்கப்பட்டது; தலையணை கனத்து ஆல்பம் பாதியாயிற்று. பெரிய காமிராவும், ஒரு நல்ல ஒலிவாங்கியும், மணவறைக்குப் போதிய வெளிச்சமும் மட்டும் நின்றன. லென்ஸும் வெளிச்சமும் சரியில்லாவிட்டால் எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகளும் சேர்ந்து மங்கலைத்தான் காட்டும். கூட்டிப் பார்த்தால், தொகை மாமா முதலில் ஒப்புக்கொண்டதற்கு மேல் போகவில்லை.

ஒரு நிபந்தனையும் விதித்தேன். அதை வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். டி.வி.டி. தட்டு எப்போதும் பழைய தரத்துப் படத்தையே தாங்கும். எவ்வளவு பெரிய காமிராவால் பிடித்தாலும், தட்டை மட்டும் வாங்கிக் கொண்டு வந்தால் கொடுத்த காசு காமிராக்காரரிடமே நின்றுவிடும். அவர்களும் அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டி, பழையதை அழித்துவிடுவார்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் ஆகிறது. பாவம், எத்தனை வீட்டுக் கலியாணத்தை அவர்கள் சுமப்பார்கள்? ஆகையால் மூலப் பதிவைக் கேட்டு வாங்கி, இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைக்க வேண்டும். ஒன்று ஆம்பூரில் இருக்கிறது. மற்றொன்று என் பெட்டியில்.

கலியாணம் சிறப்பாக நடந்தது. பத்து நாள் கழித்து, மாமாவின் தாயார், எண்பத்து நாலு வயதுக் கிழவியார், கூடத்துப் பாயில் உட்கார்ந்து அதே பழைய பெட்டியில் படம் பார்த்தார். முகூர்த்த சமயத்தில் அவர் மணவறைக்கு எட்டத்தில், ஒரு தூணோரமாக உட்கார்ந்திருந்தார். அந்த மூலையை மட்டும் கத்தரித்துப் பெட்டி நிறையக் காட்டச் செய்திருந்தோம். கண்ணீரைத் துடைத்துக் கொண்டு அட்சதையைத் தூவும் அந்த முகம், சுருக்கம் சுருக்கமாக, தெளிவாகத் தெரிந்தது.

கிழவியார் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "என் மூக்குத்திக் கல்லுகூடத் தெரிகிறதேடா!" என்றார்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய், பெட்டியின் தலையிலிருந்த துணிவிரிப்பைச் சரி செய்துவிட்டு வந்தார். என் தமக்கை மட்டும் சமையலறை வாசலில் நின்று, அந்த முகத்தையே வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தாள்.