யார் கையில் கடிகாரம்?

ரேட்டிங் என்பது மக்கள் தீர்ப்பு என்கிறார்கள். பச்சைப் பொய். ஒரு நிகழ்ச்சியை எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு, எதன் பின்னால், எதற்கு எதிராக வைப்பது என்று முடிவு செய்கிறவன் முதலாளி. வைத்த இடத்தில் விழுந்த எண்ணைக் காட்டி, ‘ஜனங்களுக்குப் பிடிக்கலை, நாங்க என்ன பண்றது’ என்று கையை விரிக்கிறவனும் அவனேதான். கொன்றவனே பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் எழுதுகிறான்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பர்களின் தொடர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இந்த மோசடி வெட்டவெளிச்சமாகும். அங்கே நமக்கென்ன வேலை என்று கேட்கிறவர்கள் உண்டு. குப்பை அள்ளுகிற ஒரு மனிதனை நாயகனாக வைத்து எடுத்த தொடரை எப்படித் தீர்த்துக் கட்டினார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

முதலில் இந்த எண் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்ப்போம். நீல்சன் என்ற நிறுவனம் அந்தக் காலத்தில் சில ஆயிரம் வீடுகளில் கருவி வைத்துக் கணக்கெடுத்தது. 1987 செப்டம்பரில், வீட்டில் யார் யார் பார்க்கிறார்கள் என்று பொத்தானை அழுத்திச் சொல்லும் கருவியை நாடு முழுவதுக்குமான கணக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். தொலைக்காட்சி உள்ள வீடுகளில் நூற்றில் ஒன்று பார்த்தால் ஒரு புள்ளி. அப்போது அங்கே ஏறத்தாழ 9 கோடி வீடுகளில் தொலைக்காட்சி இருந்தது. ஆக ஒரு புள்ளி என்றால் 9 லட்சம் வீடு. விளம்பரக்காரன் காசு கொடுப்பது இந்தப் புள்ளிக்குத்தான்.

புள்ளி வானத்திலிருந்து விழுவதில்லை. முன்னால் ஓடுகிற நிகழ்ச்சிக்குக் கூட்டம் இருந்தால் அதில் பாதி எழுந்து போகாமல் அடுத்ததையும் பார்க்கும். இரண்டு பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒன்றை வைத்து வளர்ப்பதற்கு அந்தத் தொழிலில் ‘ஹேமக்’ என்றே பேர். நம்ம ஊர்த் தூளிதான். செல்லப்பிள்ளைக்குத் தூளி கட்டுவான். வேண்டாத பிள்ளையை எதிர்ச் சேனலில் மலைபோல் நிற்கிற நிகழ்ச்சிக்கு எதிரே தூக்கிப் போடுவான். இல்லையென்றால் இளசுகள் வீட்டில் தங்காத வெள்ளி, சனி இரவில் தள்ளுவான். அதற்கு அவர்களே வைத்திருக்கிற பேர் ‘சாவு நேரம்’.

இப்போது ‘ராக்’ தொடருக்கு வருவோம். 1991இல் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கியது. பால்டிமோர் நகரத்தில் குப்பை வண்டியில் வேலை பார்க்கும் ராக் எமர்சன்தான் நாயகன். மனைவி நர்ஸ். மால்கம் எக்ஸைத் தலையில் வைத்துக் கொண்டாடும் தகப்பன். வேலைவெட்டி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் தம்பி. ராக்காக நடித்த சார்லஸ் டட்டன் சிறையில் இருந்தபோது நாடகத்தைக் கண்டுபிடித்தவர். அவரும் தகப்பனாக, தம்பியாக நடித்தவர்களும் ஆகஸ்ட் வில்சனின் நாடக மேடையில் சேர்ந்து நடித்து வந்தவர்கள். அந்தத் தெம்பில் இரண்டாவது சீசன் முழுவதையும், ஒவ்வொரு வாரமும், நேரலையாகவே நடித்துக் காட்டினார்கள். ஒரு வாய்தவறல் வந்தாலும் நாடே பார்க்கும். அதற்குத் துணிந்தவர்கள் இந்தக் கறுப்புக் கலைஞர்கள்.

முதல் இரண்டு சீசனும் ஞாயிறு இரவு 8.30. முன்னால் ‘இன் லிவிங் கலர்’, பின்னால் ‘மேரீட் வித் சில்ட்ரன்’. அதாவது தூளியில் கிடந்தது, பிழைத்தது. 1993இல் அந்தத் தூளியை அறுத்தார்கள். செவ்வாய் இரவு 8 மணிக்குத் தூக்கி வைத்தார்கள். மாலை நிகழ்ச்சிகளின் தொடக்கமே அதுதான், முன்னால் கைகொடுக்க ஆளில்லை. எதிரே ஏ.பி.சி.யில் ‘ஃபுல் ஹவுஸ்’. நாட்டில் குழந்தைகள் உள்ள வீடெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தது. எண் விழுந்தது. 1994இல் கதை முடிந்தது.

முடிந்தது அது மட்டுமில்லை. அதே 1994இல் ‘இன் லிவிங் கலர்’, ‘சவுத் சென்ட்ரல்’, ‘தி சின்பாட் ஷோ’ என்று கறுப்பர்களின் தொடர்கள் வரிசையாக வெட்டப்பட்டன. அதற்குச் சில மாதம் முன்பு, 1993 டிசம்பரில், முர்டாக்கின் ஃபாக்ஸ் நான்கு ஆண்டு கால்பந்து உரிமையை 158 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. கறுப்புப் பார்வையாளர்களின் தோளில் ஏறித்தான் இந்தச் சேனல் நான்காவது நெட்வொர்க்காக நின்றது. நின்றதும் தோளை உதைத்துவிட்டு வேறு பார்வையாளர்களைத் தேடிப் போனது. கேட்டால் ரேட்டிங் குறைவாம்!

1987இல் சி.பி.எஸ். தொடங்கிய ‘ஃப்ராங்க்ஸ் பிளேஸ்’ இன்னொரு சாட்சி. பாஸ்டனில் பேராசிரியராக இருக்கும் ஒரு கறுப்பர், தகப்பன் விட்டுப்போன உணவகத்தை நடத்த நியூ ஆர்லியன்ஸுக்கு வருகிறார். பின்னணியில் ஒட்டவைத்த சிரிப்பொலி கிடையாது. கறுப்பருக்குள்ளேயே வெளுத்த தோல்காரர்கள் நடத்தும் சங்கத்தில் கறுத்த தோல்காரரைச் சேர்ப்பதா என்று ஒரு கதை. நகைச்சுவைத் தொடரில் யார் இதையெல்லாம் பேசினார்கள்? முதலில் வைத்தது திங்கள் இரவு 8 மணி, எதிரே என்.பி.சி.யின் ‘ஆல்ஃப்’. பிறகு அந்த ஒரே ஆண்டுக்குள் நேரத்தை மாற்றினார்கள், கிழமையை மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். தேடிப் பிடித்துப் பார்க்க நினைத்தவனுக்கும் எங்கே இருக்கிறது என்று தெரியாது. 22 அத்தியாயங்களோடு மூடினார்கள். 1988இல் எழுத்துக்கும் நடிப்புக்கும் எம்மி விருதுகள் வந்தன. பிணத்துக்கு மாலை.

‘குறைந்த ரேட்டிங் இருந்தா எவன்தான் வச்சிருப்பான்?’ என்று கேட்பார்கள். வைத்திருந்தார்கள் ஐயா. 1982இல் என்.பி.சி. தொடங்கிய ‘சியர்ஸ்’ முதல் சீசனில் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. வெள்ளையர்கள் கூடும் ஒரு மதுக்கடையின் கதை. தூக்கவில்லை. வியாழன் இரவிலேயே வைத்துக் காத்திருந்தார்கள். 1984இல் அதே வியாழன் 8 மணிக்கு ‘தி காஸ்பி ஷோ’ வந்தது. கறுப்புக் குடும்பத்தின் கதை. (பில் காஸ்பி மீது பின்னாளில் பெண்கள் சொன்ன கொடுமைகள் தனியே பேச வேண்டியவை.) அது கூட்டிவந்த கூட்டத்தில் அந்த இரவு முழுவதுமே மேலே ஏறியது. சியர்ஸும் ஏறியது. 1990-91இல் நாட்டின் முதல் நிகழ்ச்சியானது. பதினோரு சீசன் ஓடியது.

இதைக் கவனியுங்கள். ஒரு கறுப்புத் தொடர் இழுத்துவந்த கூட்டம் ஒரு வெள்ளைத் தொடரைக் காப்பாற்றியது. ராக்குக்கும் ஃப்ராங்குக்கும் அந்தப் பொறுமை கிடைக்கவில்லை. அந்த இடமும் கிடைக்கவில்லை. காஸ்பி ஷோவின் நாயகன் டாக்டர், மனைவி வக்கீல். ராக் குப்பை அள்ளுகிறவன். பொறுமைக்கும் நிறமுண்டு, வர்க்கமுண்டு.

சந்தேகம் இன்னும் தீராதவர்களுக்கு ‘தி கேம்’. எழுதி உருவாக்கியவர் மாரா பிராக் அகில் என்ற கறுப்புப் பெண். யு.பி.என். என்ற சேனல் ஊருக்கு வெளியே தெரு ஒதுக்குவதுபோலத் திங்கள் இரவைக் கறுப்பர் நகைச்சுவைத் தொடர்களுக்கு ஒதுக்கி வைத்திருந்தது. 2006இல் அது டபிள்யூ.பி.யோடு இணைந்து சி.டபிள்யூ. ஆனது. தி கேம் அங்கே தொடங்கியது. 2008இல் வெள்ளி இரவுக்குத் தள்ளினார்கள். 2009இல் எண் இல்லை என்று நிறுத்தினார்கள். ரசிகர்கள் விடவில்லை. பி.இ.டி. சேனல் பழைய அத்தியாயங்களை மறுஒளிபரப்பு செய்தது, பிறகு தொடரையே எடுத்துக்கொண்டது. 2011 ஜனவரியில் புதிய சீசனின் முதல் நாள் 77 லட்சம் பேர் பார்த்தார்கள். சி.டபிள்யூ.வின் கடைசி சீசனில் பார்த்தவர்கள் இதில் பாதிகூட இல்லை. அதே கதை, அதே முகங்கள். ஜனங்கள் ஒரே ராத்திரியில் பிறந்து வந்தார்களா? இருந்தார்கள். அவர்களிடம் கொண்டுபோய் வைக்கத்தான் ஆளில்லை.

முதலாளியை மட்டும் திட்டிவிட்டு நிறுத்த முடியாது. ‘தரமான’ தொடர்களுக்காக ஒப்பாரி வைக்கும் கனவான்களையும் கேட்க வேண்டும். நல்ல தொடர் செத்தால் இவர்கள் உடனே சொல்வது: ‘பாமர ஜனங்களுக்கு ரசனை இல்லை.’ முதலாளி சொல்வதும் அதுதான், வார்த்தைதான் வேறு. இருவரும் சேர்ந்து பழியைப் பார்வையாளன் தலையில் கட்டுகிறார்கள். கடிகாரத்தைத் திருப்பிய கையை இருவருமே பார்ப்பதில்லை.

இப்போது நேரம், கிழமை என்ற கட்டெல்லாம் போய்விட்டது, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறார்கள். கட்டு போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. திரையைத் திறந்ததும் முதல் வரிசையில் எது, பத்தாவது வரிசையில் எது? அதுதான் புதிய ‘8 மணி’. 2019இல் நெட்ஃப்ளிக்ஸ், கியூப அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றிய ‘ஒன் டே அட் எ டைம்’ தொடரை மூன்று சீசனோடு நிறுத்தியது. போதுமான பேர் பார்க்கவில்லை என்றது. எத்தனை பேர் என்று சொல்லவில்லை. முன்பு எண்ணையாவது காட்டினார்கள்!

எனவே ‘நல்ல தொடரைக் காப்பாற்றுங்கள்’ என்று மனு எழுதுவது போதாது. மனு போடுகிறவன் கடிகாரம் அவனுடையது என்று ஒப்புக்கொண்டுவிடுகிறான். கேட்க வேண்டியது வேறு. நேரம் ஒதுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர் யார்? எந்தக் கணக்கில் ஒருவனுக்குத் தூளி, ஒருவனுக்குச் சாவு நேரம்? எத்தனை மாதம் காத்திருந்தீர்கள், யாருக்காகக் காத்திருந்தீர்கள்? இதற்குப் பதில் வைக்காத எவனும் எண்ணைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வரவேண்டாம். கதை சொல்ல நமக்குத் தெரியும். கேட்க நம் சனம் இருக்கிறது. நடுவில் நின்று கடிகாரத்தைப் பிடித்திருக்கும் கையைப் பற்றித்தான் இனி பேச்சு.